கற்றுக் கொடுப்பவனுக்கும் ஒரு பாடம்

மனிதன் அறியாதவற்றை அவனுக்குக் கற்றுக் கொடுத்த வல்ல நாயன் அல்லாஹு தஆலாவுக்கே புகழனைத்தும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறி ஓசை கேளாத தெருவைக் காண்பது அரிது. அந்த ஓசைக்கு நடுவேதான் எங்கள் மதரஸாவில் பிள்ளைகள் ஓதுகிறார்கள். அவர்களில் ஒரு சிறுவன் ஸூரத்துல் பய்யினாவில் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டான். எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தும் அதே இடத்தில் நா தடுமாறும். ஒரு நாள் நான் பொறுமையிழந்து, “உங்க அத்தாவோட தறிக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்லையே!” என்று எல்லாப் பிள்ளைகள் முன்பும் சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். தறிக்குப் பின்னே அத்தாவின் அருகில் அமர்ந்து, பழைய பாவின் நூல்முனையோடு புதுப் பாவின் நூல்முனையை ஒவ்வொன்றாகப் பிணைத்துக் கொண்டிருந்தான். விரல்கள் தடுமாறவே இல்லை. “இவ்வளவு விரைவாக எப்படிப் பழகினான்?” என்று கேட்டேன்.

“விரசா எங்கீங்க ஹஜ்ரத்! மூணு மாசம் ஆச்சுங்க. நூறு முடிச்சுப் போட்டா எம்பது நழுவிப் போகும். என் கை மேல அவன் கைய வெச்சுக் காட்டினேனுங்க. திட்டினா கை நடுங்குமுங்க; நடுங்கற கையில முடிச்சு நிக்காதுங்க” என்றார் அவர்.

சிறுவனிடம், “ஓதுவதை விட்டுவிட்டாயா?” என்றேன். “இல்லீங்க ஹஜ்ரத். போன்ல கேட்டு ஓதறேன். அது எத்தனை தரம் கேட்டாலும் கோவிச்சுக்காதுங்க” என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

சகோதரர்களே! கல்வி என்பது என்ன என்பதைத் திருமறை நமக்குப் பல வகையில் காட்டுகிறது. ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்குப் பொருட்களின் பெயர்களையெல்லாம் இறைவனே கற்பித்தான். ஆனால் அவர்களுடைய மகன் காபீலோ, தன் சகோதரனைக் கொன்றுவிட்டு, உடலை மறைக்கும் வழியை மண்ணைத் தோண்டிய ஒரு காகத்திடம் கற்க வேண்டியதாயிற்று. ஸுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடமே, தாங்கள் அறியாத செய்தி ஒன்றைத் தான் அறிந்து வந்திருப்பதாக ஹுத்ஹுத் பறவை சொன்னது. மனிதன் பறவையிடமும் கற்கலாம். அதில் இழிவில்லை என்பதை இவை உணர்த்தவில்லையா?

தேனீயை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு இறைவன் உள்ளுணர்வு அளித்ததை ஸூரத்துந் நஹ்லில் காண்கிறோம். மலரிருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ ஒரு நடனத்தால் மற்ற தேனீக்களுக்குத் தெரிவிக்கிறது. இதைக் கண்டு விளக்கிய கார்ல் வான் பிரிஷ் என்ற அறிஞருக்கு 1973ல் நோபல் பரிசு கிடைத்தது. 2023ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மூத்த தேனீக்களின் நடனத்தைக் கண்டு பழக வாய்ப்பில்லாத இளம் தேனீக்கள் பிழையாக ஆடின. பிற்பாடு சில பிழைகள் திருந்தின. தொலைவைக் காட்டுவதில் இருந்த பிழையோ கடைசிவரை திருந்தவில்லை. இறைவன் இயல்பிலேயே அறிவித்துக் கொடுத்த படைப்புக்குக்கூட அருகில் ஒரு மூத்தவர் தேவைப்படுகிறார்!

இனி, வேட்டை நாயின் சட்டத்தைப் பாருங்கள். அல்லாஹ் நமக்குக் கற்பித்ததிலிருந்து நாம் கற்பித்த வேட்டைப் பிராணி நமக்காகப் பிடித்து வைப்பதை, அவன் பெயர் கூறி உண்ணலாம் என ஸூரத்துல் மாயிதா அனுமதிக்கிறது. நாய் கற்றுவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன? பிடித்த இரையைத் தான் தின்னாமல் மூன்று முறை விட்டுவைக்க வேண்டும் என்று ஹனஃபீ சட்ட நூல்கள் கூறுகின்றன. வேகமாக ஓடுவதோ, இரையைக் கவ்வுவதோ அடையாளம் அல்ல. தன் இச்சையை அடக்குவதே அடையாளம்!

இந்தப் பாடத்தை மதரஸாவில் நான் ஓதியிருக்கிறேன். பிறருக்கு ஓதிக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் பசித்த நாய் தன் பசியை அடக்குகிறது. ஸனது வாங்கிய நான் ஒரு சிறுவன் முன்னே என் கோபத்தை அடக்கவில்லை. அப்படியானால் கற்றவர் யார்?

முஆவியா இப்னுல் ஹகம் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் விவரம் தெரியாமல் தொழுகையிலேயே பேசிவிட்டார்கள். சுற்றியிருந்தோர் முறைத்தார்கள். பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களோ கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தொழுகை என்றால் என்ன என்பதை எடுத்துச் சொன்னார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி சாட்சி கூறினார்கள். திக்கித் திணறிச் சிரமத்தோடு குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு நன்மைகள் உண்டு என்றும் நாயகம் அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். இரட்டைக் கூலி பெற இருந்த பிள்ளையை நான் விரட்டிவிட்டேன்!

இயந்திரத்தின் நிலை என்ன? ஊடை நூல் அறுந்ததும் தறி தானே நிற்கிறது. நூல் இருந்தால் நகர்த்தப்படும் ஒரு சிறு முள், நூல் இல்லாதபோது நகராமல் நின்று தறியை நிறுத்துகிறது, அவ்வளவுதான். 1804ல் பிரான்சு நாட்டு ஜாக்கார்டு துளையிட்ட அட்டைகளால் பூ நெய்யும் முறையை அமைத்தார். அந்தத் துளை அட்டை பின்னாளில் கணிப்பொறிக்கும் உதவியது. 1959ல் ஆர்தர் சாமுவேல் என்ற அமெரிக்கர், செக்கர்ஸ் என்னும் காய் விளையாட்டைத் தானே ஆடியாடித் தேர்ச்சி பெறும் கணிப்பொறி முறையை விளக்கினார். இன்றோ, மனிதர் எழுதிக் குவித்தவற்றிலிருந்து ஒழுங்குகளைக் கணக்கிட்டுப் பதில் கூறும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஓதுவதைக் கேட்டுப் பிழை காட்டும் கருவிகளும் உள்ளன. இவற்றை மறுப்பதற்கில்லை. நல்லதற்குப் பயன்படுத்துவதில் குற்றமுமில்லை.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இயந்திரம் கோபப்படாததற்குக் காரணம் அதன் ஸப்ரு அல்ல. அடக்குவதற்கு அதற்கு நஃப்ஸே இல்லை. அது தவறான மஸ்அலா சொன்னாலும் மறுமையில் கேள்வி கணக்குக்கு நிற்கப் போவதில்லை. நம்பி நடந்தவனே நிற்பான். ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் ரமலான் தோறும் பெருமானாரைச் சந்தித்துத் திருமறையை ஓதிச் சரிபார்த்தார்கள். பெருமானாரின் கடைசி ஆண்டில் இரு முறை அவ்வாறு நடந்தது. அன்று தொட்டு ஒருவர் முன் ஒருவர் அமர்ந்துதான் குர்ஆன் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த நூலை நம் கடுமையால் அறுத்துவிட்டு, பிள்ளைகள் போனிடம் போகிறார்களே என்று புலம்பி என்ன பயன்?

மறுநாள் நான் மீண்டும் போய், அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைகுனிந்து சிரித்தான், மஃரிபுக்குப் பின் மதரஸாவுக்கு வந்தான். ‘ஹுனஃபாஅ’ என்ற சொல்லில் தொண்டையின் நடுவிலிருந்து எழ வேண்டிய ‘ஹ’ அடித் தொண்டையிலிருந்து எழுவதே அவனைத் தடுத்தது. நான் வாய் திறந்து காட்ட, அவன் பார்த்துச் சொன்னான். இருபது நாளாயிற்று.

பெற்றோர்களே! உஸ்தாதுகளே! நூல் அறுந்தால் நெசவாளி பாவை வெட்டி எறிவதில்லை, குனிந்து பிணைக்கிறான். நம் பிள்ளைகளிடத்தில் அந்தப் பொறுமையேனும் நமக்கு வேண்டாமா?

யா அல்லாஹ்! பயனுள்ள கல்வியை எங்களுக்கும் எங்கள் மக்களுக்கும் தந்தருள்வாயாக! கற்பிப்போர் நாவில் கனிவையும், கற்போர் உள்ளத்தில் ஒளியையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!