போர்க்கதை கேட்கும் செவி

போர் கொடியது, போரைப் பற்றிய கதையோ இனிக்கிறது. மனித உள்ளத்தின் இம்முரண் மிகப் பழமையானது. ஆயின், போரைக் கண்ணாரக் கண்டு திரும்பிய ஒருவரே போர்க்கதையை விரும்பிக் கேட்பாராயின், அவ்வின்பத்தை எவ்வாறு மதிப்பிடுவது? அது கொலையின்மீது கொண்ட ஆசையா? பிறிதொன்றா?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்களில் படைப்பணி முடித்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் உளர். கண்பார்வை மங்கிய முதுமையில் அவர்களுக்கு ஒலிநூல் துணையாகிறது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் அச்சில் வந்த 'பொன்னியின் செல்வன்' இன்று கைபேசியில் குரலாய் ஒலிக்கிறது. தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பேரனும் அருகிருந்து செவிசாய்க்கிறான். கதை ஒன்று, கேட்கும் செவிகள் இரண்டு. ஒன்று போரை அறிந்த செவி. மற்றொன்று அறியாத செவி.

கதையைக் காதால் கேட்பது நமக்குப் புதிதன்று. தாராவியில் குடியேறிய நெல்லைச் சீமையார், வெட்டுண்டு மாண்டவர்களின் வரலாற்றை வில்லுப்பாட்டாகக் கேட்டு வளர்ந்த மரபினர். எல்லைப்புறச் சாகசமும் நமக்கு அயலன்று. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி; இழந்ததை மீட்பது கரந்தை. மீட்கும் போரில் வீழ்ந்தவனுக்கு ஊரார் நடுகல் நாட்டினர். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன.

இவ்வின்பத்தின் இயல்பைத் தொல்காப்பியம் தெளிவாக்குகிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று பெருமிதம். அது கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கினின்று பிறப்பது. அஞ்சாமையாகிய தறுகண் அப்பட்டியலில் உண்டு, கொலை இல்லை. முதிய வீரர் கதையில் சுவைப்பது பெரும்பாலும் இப்பெருமிதத்தையே. தோழனைக் கைவிடாத தோழன், பசியிலும் குலையாத அணி, சொன்ன சொல் காத்த தலைவன் ஆகியோரைக் கேட்கும்போது தம் இளமையின் சிறந்த பகுதியை அவர் மீண்டும் காண்கிறார். மேலும், உண்மைப் போருக்குத் தெளிவான தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. கதைக்கு இரண்டும் உண்டு. சிதறிய நினைவுகள் ஒழுங்குபெறும் இடமாக அது அவருக்கு அமைகிறது. அதனைக் குற்றம் என்பது அறியாமை.

எனினும் இன்பமெல்லாம் தூயது என்று நாம் சொல்லவில்லை. கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற செய்தியைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அப்போரைக் காளிக்கு எடுத்துரைப்பது ஒரு பேய். கேட்டு மகிழும் பேய்களோ களத்தில் கூழ் அடுவதற்கு விரைகின்றன. போர்க்கதையைப் பசியோடு கேட்கும் செவியும் உண்டு என்பதற்கு இதனினும் கூரிய உருவகம் வேண்டுமோ? அமெரிக்க மேற்கு எல்லைக் கதைகள் பலவற்றில் அம்மண்ணின் பழங்குடியார் துப்பாக்கியின் இலக்காக மட்டுமே வருகின்றனர். லயன் காமிக்ஸ் தமிழில் தந்த டெக்ஸ் வில்லரோ நவஹோ மக்கள் தம் தலைவனாக ஏற்றவன். எதிரே நிற்பவனும் மனிதன் என்று நினைவூட்டும் கதை ஒன்று. அதை மறக்கச் செய்யும் கதை மற்றொன்று.

மும்பைத் தமிழராகிய நமக்கு இவ்வேறுபாடு நெஞ்சைத் தொடுவது. 1946இல் இந்நகரில் பிறந்து, எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று, அமைதிப்படையின் அதிகாரியாக, இலங்கையில் மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் தம் வீரர்களுக்கு ஆணையிட்டவாறே உயிர்நீத்தார். மறைவுக்குப் பின் அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவரை எதிர்த்து நின்றோரும் அவர் தாய்மொழியையே பேசியோர். அவர் வீரத்தைக் கேட்டு நாம் நிமிர்கிறோம். ஆயினும் கைதட்ட உயரும் கை பாதியில் நின்றுவிடுகிறது. உறையூர் முற்றுகையின்போது சோழர் இருவரிடையே நின்ற கோவூர்கிழார், எவர் தோற்பினும் இழப்பு ஒரே குடிக்கே என்று இடித்துரைத்தார். அப்புலவரின் துயரம் பழங்கதையாகிவிடவில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் உரைகல் எளியது. களத்தின் மறுபக்கம் மகனை இழந்த தாயொருத்தி நம் அருகில் அமர்ந்திருக்கிறாள் எனக் கொள்வோம். அவள் செவியிலும் விழுமாறு அக்கதையை ஒலிக்கவிட நம் மனம் துணியுமாயின், அது கேட்கத் தகுந்த கதை. கூசுமாயின், அது பேய் அட்ட கூழ்.

இளையோரிடமிருந்து இக்கதைகளைப் பறிக்க வேண்டா. கோழைமையைக் கற்பிப்பது அறமாகாது. ஆனால் அவர்கள் தனியே கேளாது தாத்தாவோடு இருந்து கேட்கட்டும். வெற்றி முழக்கம் எழும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்கட்டும். அவர் எங்கே புன்னகைக்கிறார், எங்கே பேச்சற்றுப் போகிறார் என்று கவனிக்கட்டும். எந்த ஒலிநூலிலும் பதிவாகாத போர்க்கதை அந்த மௌனத்தில் உண்டு.