பசியும் நாவடக்கமும்



பௌர்ணமியன்று எட்டுச் சீலங்களை மேற்கொண்டிருந்த அன்பரொருவர் மாலையில் தம் மனையாளைக் கடுஞ்சொற்களால் ஏசிவிட்டார். மறுநாள் நம்மிடம் வந்து, "உச்சிக்குப் பின் உணவில்லை ஐயா, இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது, நாவு அடங்கவில்லை. குற்றம் சர்க்கரையினுடையதன்றோ?" என்றார்.

நாம் நகைக்கவில்லை. பஞ்சாலையில் இரவு வேலை முடித்து வெறும் வயிற்றோடு வீடு சேர்ந்த ஒரு விடியலில், கதவு திறக்கத் தாமதித்த மகனை அடித்த கை இந்தக் கைதான்.

அன்பர் கூறியதும் வெறுங் கற்பனையன்று. தன்னடக்கம் தசையைப்போல் உழைத்துக் களைப்பது என அமெரிக்க உளநூலார் ராய் பௌமைஸ்டர் 1998-இல் உரைத்தார். அக்களைப்புக்கு இரத்தச் சர்க்கரைக் குறைவே காரணமென்றும், சர்க்கரையிட்ட எலுமிச்சைப் பானம் அதனைப் போக்கியதென்றும் 2007-இல் அவர் குழுவினர் எழுதினர். பின்வந்த சோதனைகளில் அம்முடிவு ஆட்டங்கண்டது. சர்க்கரை நீரை விழுங்காது கொப்பளித்துத் துப்பினும் அடக்கம் மீண்டதாக 2012-இல் சிலர் கண்டனர். துப்பிய சர்க்கரை இரத்தத்திற் சேர்வதெங்ஙனம்? மனவுறுதி தீர்ந்துபோகும் பொருளென நம்பியோர்க்கே சர்க்கரை துணைசெய்தது என்றது 2013-இல் வந்த ஓர் ஆய்வு. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையில் 2,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்தபோது, அக்களைப்பே ஏறத்தாழப் புலப்படவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை.

நீரிழிவுக்கு இன்சுலின் கொள்வோர் நிலை வேறு. சர்க்கரை மிகத் தாழ்ந்தால் அவர்களுக்கு நடுக்கமும் வியர்வையும் எரிச்சலும் மனக்குழப்பமும் வருதல் மெய். அவர்கள் உடனே இனிப்பு உண்க. மருத்துவரைக் கேளாது நோன்பு ஏற்க வேண்டா.

ஆளவி நகரில் பகவன் அறம் உரைக்க இருந்தபோது, தொலைந்த எருதைத் தேடியலைந்த ஏழை ஒருவன் பசியோடு வந்தான். முதலில் அவனுக்குச் சோறிடச் செய்து, அவன் பசியாறிய பின்னரே பகவன் அறமுரைத்தார் என்றும், பிக்குகள் அதனைக் குறைகூறினர் என்றும் தம்மபத உரை கூறும். (வயிறு நிறைந்தோர்க்கு இது விளங்குதல் அரிது.) பிறர் பசியை நாம் காண வேண்டிய முறை அது. நம் பசியை நமக்கே சாட்சியாக அழைத்துக்கொள்வதற்கு அக்கதையில் இடமில்லை.

அன்பரை வினவினோம்: "உமக்கு நீரிழிவு உண்டோ?"

"இல்லை, ஐயா."

"அன்று உம் இல்லத்தில் நோன்பிருந்தோர் வேறு எவர்?"

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவளும் இருந்தாள்" என்றார்.