காப்பதும் ஆள்வதும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எங்கே கூடினாலும் பேச்சு இறுதியில் ஒரே வினாவில் வந்து நிற்கிறது: ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ பேச்சுப் பயிற்சி, பள்ளி என்று ஓடும் இளமைக் காலத்தில் அவ்வினா மறைந்திருக்கும். பிள்ளைக்கு மீசை அரும்பும்போது வெளியே வருகிறது.

அதற்கு முன்பே பெற்றோர் இன்னொரு வினாவைக் கேட்டிருப்பார்கள்: ‘இது யார் செய்த குற்றம்?’ 1943-இல் லியோ கானர் இந்நிலையை விவரித்தபின், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று மேலைநாட்டு அறிஞர் சிலர் நெடுங்காலம் கூறிவந்தனர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலறிஞர் 1964-இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். நம் நாட்டில் அதே பழியை ‘முன்வினை’ என்ற சொல்லால் சுமத்துகிறார்கள். வினைக்கொள்கை, ஒருவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பதற்காகச் சொல்லப்பட்டது. அடுத்த வீட்டுக் குழந்தையைக் கண்டு தீர்ப்புக் கூறுவதற்காக அன்று. அக்குழந்தையின் துன்பத்தைக் கண்டும் விலகிச் செல்பவன், அந்தக் கணத்தில் தன் வினையைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

பதினெட்டு வயது நிறைந்ததும் எவரும் சட்டப்படி தனிமனிதர் ஆகிவிடுகிறார். பெற்றோர் என்ற உறவு மட்டும் அவருக்காகக் கையொப்பமிடப் போதாது. இதற்காகவே 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம் உள்ளிட்ட சில நிலைகளில் உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க வழிசெய்தது. மாவட்ட ஆட்சியர் நிலையிலான அலுவலர் ஒருவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு அதை முடிவு செய்கிறது. காப்பாளர் தேவையா, தேவையெனில் எந்தெந்தக் காரியங்களுக்கு என்று அக்குழு ஆராய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, காப்பாளர் அவருடைய விருப்பத்தை அறிந்து, அவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

பேசாதவனின் விருப்பத்தை எவ்வாறு அறிவது? இங்கேதான் அறச்சிக்கல் தொடங்குகிறது. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் உணவுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். ‘முரண்டு பிடிக்கிறான்’ என்கிறது வீடு. அவனிடம் உள்ள ஒரே ‘வேண்டாம்’ அதுவாக இருக்கலாம். அதை இருபது ஆண்டுகள் கேளாமலே விட்டால், அவனுக்கு விருப்பமே இல்லை என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஒருவேளை அவனும் நம்பிவிடுவான். பரபரப்பான சாலையில் அவன் கையை இறுகப் பற்றுவது காத்தல். அதே பிடியை அவனுடைய சட்டையின் நிறத்திலும், கேட்கும் பாட்டிலும் வைப்பது ஆளுதல். அன்பு மிகுந்த தாய்க்கே இவ்விரண்டின் எல்லை எளிதில் புலப்படுவதில்லை. களைத்துப்போன தாய்க்கு எவ்வாறு புலப்படும்?

ஆகவே பெற்றோரின் களைப்பும் அறம் பற்றிய செய்தியே. மேளச் சத்தத்தில் மகன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான் என்று அஞ்சித் திருமணங்களுக்குச் செல்வதை நிறுத்திவிட்ட குடும்பங்கள் பல. உறவினரோ, ‘அக்காள் இருக்கிறாள், பின்னால் பார்த்துக்கொள்வாள்’ என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்த அக்காளை யாரும் கேட்பதில்லை. தம்பியின் விருப்பத்தைக் கேளாமல் முடிவு செய்வது தவறு என்றால், அவளைக் கேளாமல் முடிவு செய்வதும் தவறுதான்.

ஒரு வீட்டில் தாய் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்திருந்தார். மகன் எதை உண்பான், எந்த ஒலிக்கு அஞ்சுவான், அச்சம் வந்தால் எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பன அதில் இருந்தன. தம் மறைவுக்குப்பின் யாரேனும் படிப்பார்கள் என்பது அவர் எண்ணம். ஒருநாள் அவனுடைய அத்தை அதை எடுத்துப் படித்தார். பிறகு சனிக்கிழமைதோறும் மாலையில் வந்து அவனோடு இருக்கத் தொடங்கினார். முதல் சில வாரங்கள் அவன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் பெற்றோர் அந்நேரத்தில் கடைத்தெருவுக்கும், சில நாள் வெறுமனே பூங்காவுக்கும் போய்வந்தார்கள். இப்போது அந்நோட்டில் தாய் எழுதாத ஒரு வரி, அத்தையின் கையெழுத்தில் இருக்கிறது: ‘குக்கர் விசில் வருமுன் அவனிடம் சொல்லிவிட வேண்டும், சொன்னால் பயப்படுவதில்லை.’