பிச்சைக் காசா, பிழைப்புக்கு முதலா?



ரமளான் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் நம் ஊர்களில் செல்வந்தர் வீட்டு வாசல்களில் வரிசை நீளும். நோன்போடு வெயிலில் கால் கடுக்க நிற்கும் தாய்மார்களின் கையில் ஆளுக்கொரு நோட்டு, அல்லது மலிவான ஒரு சேலை. அடுத்த ஆண்டும் அதே வாசல், அதே முகங்கள். பத்தாண்டு கொடுத்த பின்னும் ஓர் ஏழைகூட அந்த வரிசையை விட்டு நீங்கவில்லையென்றால், கொடுக்கும் முறையில் கோளாறு உண்டா, இல்லையா?

செல்வம் பணக்காரர்களுக்கிடையே மட்டும் சுற்றி வருவதாக ஆகிவிடக் கூடாது என்பதை அல்லாஹுத்தஆலா ஸூரத்துல் ஹஷ்ரின் 7-வது வசனத்தில் உணர்த்துகிறான்.

அன்ஸாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து உதவி கேட்டார். அவர் வீட்டில் இருந்ததெல்லாம் பாதியை விரித்துப் பாதியைப் போர்த்தும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு கிண்ணமுமே. அண்ணலார் அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹம் வீட்டாரின் உணவுக்கு, மற்றது கோடரிக்கு. தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாள் கண்ணில் படக் கூடாதென்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பியபோது 10 திர்ஹம் சம்பாதித்திருந்தார். அபூதாவூதில் வரும் நிகழ்ச்சி இது. அடுப்பெரிய வழி செய்த பின்பே கோடரி வந்தது என்பதைக் கவனியுங்கள். பசித்தவனிடம் "உழைத்துப் பிழை" என்று உபதேசித்துவிட்டுப் போகும் நம் கனவான்கள் அந்த முதல் திர்ஹத்தை மறந்துவிடுகிறார்கள்.

தொழில் தெரிந்தவனுக்குக் கருவி வாங்கவும், வியாபாரிக்கு முதல் போடவும் போதுமான அளவு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஉ'வில் எழுதுகிறார்கள். கீரை விற்பவனுக்கு 5 அல்லது 10 திர்ஹம். குறைந்ததில் காரியம் ஆகாதென்றால் ரத்தின வியாபாரிக்கு 10,000 திர்ஹம்கூட! ஹனஃபி மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவு கொடுப்பது மக்ரூஹ்தான். ஆனால் கடனாளிக்கும் பெருங்குடும்பக்காரருக்கும் விலக்கு உண்டு. இவ்விரண்டில் ஒன்றாக இல்லாத ஏழை நம்மிடையே எத்தனை பேர்?

மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பீடி சுற்றும் நம் பெண்மணிகளை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலி அரிசிக்கும் மருந்துக்கும் சரியாகிவிடும். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி கேட்டால் வட்டிக்காரன் வாசல்தான். வட்டி கட்ட, படிக்கிற பையன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போவான். தாயின் வறுமை மகனுக்கு வாரிசுச் சொத்தாக இறங்குவது இப்படித்தான். கைக்கூலி வாங்கிய வீட்டிலும் ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கிறார்கள்! நாற்பதில் ஒரு பங்கை ஒரு கையால் கொடுத்து, மறு கையால் ஏழைப் பெண்ணின் தகப்பனைக் கடனாளியாக்குவது என்ன நியாயம்?

மஹல்லாவில் ஜகாத் கடமையானவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு விதவைக்குத் தையல் மிஷினோ, ஓர் இளைஞருக்குத் தள்ளுவண்டியும் சரக்குமோ அமைந்துவிடும். ஷாஃபிஈகள் பணத்தையே அவர் கையில் ஒப்படைத்து, அவரே வாங்கிக்கொள்ளச் செய்யட்டும். எப்படியானாலும் பொருள் அவருக்கே சொந்தமாக வேண்டும். ஜமாஅத் பேரில் வைத்துக்கொண்டு இரவல் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. இது ஜகாத் என்று அவரிடம் சொல்ல வேண்டியதுமில்லை. கொடுப்பவரின் நிய்யத்தே போதும்.