கதிர் மறையுமுன் ஒரு கிண்ணம் கூழ்



பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து வாழும் நம் மக்கள், "அங்கே நம் உணவு நெறியைக் காப்பது எங்ஙனம்?" என்று கேட்பதுண்டு. ஊறுகாயும் பொடியும் பெட்டி நிறையக் கொண்டுசெல்வர். அவை தீர்ந்தபின் என் செய்வது? அம்மண்ணில் விளைவதை அம்மண்ணின் மக்களிடமே கற்றுச் சமைப்பதுதான் நிலையான வழி என்பது எங்கள் கருத்து. 2014ஆம் ஆண்டில் மியன்மாரின் யாங்கோன் நகரில், நம் முன்னோர் ரங்கூன் என்றழைத்த ஊரில், குடும்பத்துடன் வாழ்ந்தபோது நாங்கள் கற்றதை இங்கு விண்ணப்பிக்கின்றோம்.

பர்மிய மொழியில் மரக்கறி உணவைத் 'தெத் தத் லுத்' என்பர். தெத் என்பது உயிர். தத் என்பது கொல்லுதல். லுத் என்பது நீங்குதல். உயிர்க்கொலை நீங்கியது! நாமும் வழக்கத்தால் 'சைவம்' என்று சொல்லிவருகின்றோமே, அதனினும் இச்சொல் நம் அறத்திற்கு நெருக்கமானதன்றோ? ஆயினும் சொல்லை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மீன்சாறும் உலர்ந்த இறால் பொடியும் அந்நாட்டுச் சமையலில் கண்ணுக்குப் புலப்படாமல் கலந்திருக்கும்.

அடுத்த வீட்டில் ஷான் மாநிலத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். அவர் கற்பித்தது 'தோஹு'. சீனர் சோயாவில் செய்வது வேறு. இது கடலைமாவில் ஆவது. மாவு ஒரு பங்கு, நீர் ஏறக்குறைய நான்கு பங்கு, மஞ்சளும் உப்பும் சிறிது சேர்த்துக் கரைத்து, கைவிடாது கிளறிக் காய்ச்சினால் பொன்னிறக் கூழாகும். தட்டில் ஊற்றி ஆறவிட்டால் இறுகிக் கட்டியாகும். அதனை மறுநாள் வெட்டிப் பொரிப்பர். இரவு கடந்த உணவு எங்களுக்கு ஆகாதே என்றோம். அவர் நகைத்து, "இறுகுமுன் சுடச்சுட அரிசிச் சேவைமேல் ஊற்றி உண்பதும் உண்டே" என்றார். அதற்குத் 'தோஹு நுவே' என்று பெயர். பூண்டெண்ணெய்க்கு மாற்றாக வறுத்த எள்ளும் வேர்க்கடலையும் கொத்துமல்லியும் தூவினோம். சுவையில் குறையொன்றும் இல்லை.

இடர் மாவில் இருந்தது. மழைக்காலத்தில் மாவுக்கு 3 நாளே வரம்பு என்பது நம் ஆசார விதி. வேனிலில் 5, பனிக்காலத்தில் 7. கடைமாவின் வயதை யார் அறிவார்? ஆகவே கடலைப்பருப்பை வாங்கி, புழு பூச்சி பார்த்து, வீட்டிலேயே அரைத்துச் சலித்தோம். நீரைத் துணியில் வடிகட்டினோம். மூதாட்டி இதனை விந்தையாகக் காண்பார் என எண்ணினோம். அவரோ, "எங்கள் பிக்குகளின் எட்டு உடைமைகளுள் நீர் வடிகட்டியும் ஒன்று" என்றார்.

எங்கள் அகந்தையையும் சொல்லிவிட வேண்டும். கதிர் மறைந்தபின் உண்ணோம் என்பதை அவரிடம் சற்றுப் பெருமிதத்துடனேயே கூறிவந்தோம். ஒரு பௌர்ணமியன்று பிற்பகலில் கூழ் கொண்டுசென்றபோது அவர் கைகூப்பி மறுத்தார். உபோசத நாட்களில் எட்டுச் சீலம் ஏற்போர் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் புரோஷதம் காக்குமாறு நமக்கும் நூல்கள் கூறுகின்றன. அவ்வாண்டில் நாங்கள் எத்தனை காத்தோம்? எண்ணிப் பார்த்துத் தலைகுனிந்தோம்.

ஆடி மாதத்து மாலை ஒன்றில், அரைத்த மாவுக்கு 3 நாள் கடந்துவிட்டது. பெருமழையில் சந்தை சென்று பருப்பு வாங்கி அரைக்க நேரமாயிற்று. மேகமூட்டத்தில் கதிரவன் புலப்படவில்லை; கூழ் பதத்திற்கு வந்தபோது மணி ஆறே முக்கால். எட்டு வயது மகள் கிண்ணத்துடன் நின்றாள். 'அயலூர்தானே, ஒருநாள்தானே' என்று மனம் வாதாடியது. குழந்தைக்கு நாங்கள் விரதம் விதித்ததில்லை, உண் என்றோம். "நீங்கள்?" என்று கேட்டாள். நாங்கள் விடை கூறாதிருக்கவே, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். கூழ் முழுவதும் மூதாட்டியின் பேரக்குழந்தைகளுக்குச் சென்றது. அன்றிரவு எங்களுள் எவருக்கும் சரியான உறக்கமில்லை.

மறுநாள் 4 மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மழை ஓயவில்லை. குடையும் கையுமாக மூதாட்டி நின்றார். "உங்கள் சூரியன் இன்னும் இருக்கிறான், அடுப்பை மூட்டுங்கள்" என்றார். அந்த மழைக்காலம் முடியுமட்டும் அவர் கதவைத் தட்டத் தவறியதில்லை.