வறண்ட செபமும் செபமே

நற்கருணைப் பேழையின் முன் அரைமணி நேரம் முழந்தாளிட்டும் உங்கள் உள்ளம் வறண்டே கிடக்கிறதா? வாய் ஓய்ந்ததும் வீட்டுக் கவலைகளே முந்திக்கொள்கின்றனவா? "ஆண்டவர் என்னை நேசிக்கிறாரா?" என்ற ஐயம் அவ்வேளையில் எழுவது இயல்பே.

கல்கத்தாவின் அன்னை தெரேசாவை எண்ணிப் பாருங்கள். 1997இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 2007இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்கள் பலரைத் திகைக்க வைத்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இறைபிரசன்னத்தின் இனிமையை அவர் பெரும்பாலும் உணரவில்லை. ஆயினும் அவர் செபத்தைக் கைவிட்டாரில்லை. 1973இல் அவருடைய சபைச் சகோதரிகள் நாள்தோறும் ஒரு மணி நேரம் நற்கருணை ஆராதனை செய்யத் தொடங்கினர். அதனால் ஏழைகளுக்கான பணி குறையவில்லை, வளர்ந்தது.

காய்ச்சலில் உறங்கும் பிள்ளையின் அருகே தாய் விழித்திருக்கிறாள். பிள்ளை அதை அறியாது. அறியாததால் தாயன்பு குறைந்துவிடுமா? பேழையின் முன் நாமே அந்தப் பிள்ளை, விழித்திருப்பவர் ஆண்டவர்.

ஆகவே, அன்பான வாசகர்களே, உணர்வைக் கொண்டு செபத்தை அளவிடாதீர்கள். கோவிலிலிருந்து வீடு திரும்பியதும் முதியோரிடம் பொறுமையும் அயலவரிடம் இரக்கமும் சற்றேனும் கூடியுள்ளனவா என்று பாருங்கள். கூடியிருந்தால், நீங்கள் உணராத அந்த மௌனத்திலே ஆண்டவர் உங்களை நேசித்துக்கொண்டுதான் இருந்தார்.