முகவரியும் நீதியும்

ஜூலியோ ரெஜெனி கொலையைப் பற்றி நண்பர்களிடையே பேச்சு வரும்போதெல்லாம் அது 'அரசியல்' என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எனக்கு இது அரசியலுக்கு முன்பே எழுந்து நிற்கும் தார்மீகப் பிரச்னையாகப் படுகிறது. நீதி என்று ஒரு குடும்பம் கேட்பது எதை?

ரெஜெனி இத்தாலியர், 28 வயது, கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவர். கெய்ரோவில் தெரு வியாபாரிகளின் சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார். பிப்ரவரி 3 அன்று அலெக்ஸாண்ட்ரியா போகும் சாலையோரம் சித்திரவதைக்குள்ளான உடல் கிடைத்தது. மூக்கின் நுனியை வைத்துத்தான் மகனை அடையாளம் கண்டதாகத் தாய் பவோலா தெஃபெந்தி பிறகு சொன்னார்.

மார்ச்சில் எகிப்திய போலீஸ் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்று, வெளிநாட்டவரைக் கடத்தும் கும்பல் என்றது. அவர்களில் ஒருவரின் சகோதரி வீட்டில் ரெஜெனியின் பாஸ்போர்ட் இருந்ததாகவும் காட்டியது. வங்கியில் மாலையில் கணக்கு உதைத்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்; மறுநாள் தேடியாக வேண்டும். அந்த நாணயம்கூட இதில் இல்லை. ஐந்து பிணங்களை வரவு வைத்துப் பேரேட்டை மூடப் பார்த்தார்கள்.

பெற்றோர் மறுத்தார்கள். இந்த மறுப்புதான் எனக்கு முக்கியம். பழி தீர்வதே நோக்கமென்றால் ஐந்து உயிர்கள் தாராளம். எகிப்தியனைக் கொல்வதுபோல என் மகனைக் கொன்றார்கள் என்ற பொருளில் அந்தத் தாய் சொன்னது முதலில் உறுத்தியது. எகிப்தியனை அப்படிக் கொல்லலாமா? பிறகு புரிந்தது. அங்கே பெயரில்லாமல் மறைகிறவர்களின் வரிசையில் தன் மகனையும் அவர் நிறுத்துகிறார்.

நான்கு எகிப்திய பாதுகாப்பு அதிகாரிகள்மீது ரோமில் தொடுத்த வழக்கு 2021 அக்டோபரில் நின்றது. அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததற்கு நிரூபணமில்லை. எகிப்து முகவரி தரவில்லை. 2023இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வழி திறந்துவிட, 2024 பிப்ரவரியில் குற்றவாளிக் கூண்டு காலியாக இருக்க மீண்டும் தொடங்கியது. (இடையில், 2020இல், இத்தாலி எகிப்துக்குப் போர்க்கப்பல்கள் விற்றது.)

கண்ணகியை இங்கே இழுக்க வேண்டாமென்றுதான் இருந்தேன். ஆனால் வேற்று நாட்டில் கணவனைப் பறிகொடுத்த அவளுக்கு, சேதியை உள்ளே கொண்டுபோக ஒரு வாயிலோன் இருந்தான்; எதிரே பாண்டியனின் முகம் இருந்தது. சிலம்பு உடைந்ததும் தன் தவறை ஒப்புக்கொண்டு அவன் செத்தான். மதுரை எரிந்தது அதற்குப் பிறகு. இன்றைய ராஜ்யம் முகத்தையே காட்டுவதில்லை.

எதிராளி இல்லாத விசாரணை வெறும் சடங்கு என்று ஒரு நண்பர் வாதிட்டார். நான் ஒப்பமாட்டேன். யாரும் சிறைக்குப் போகாவிட்டாலும், அந்த நாட்களில் நடந்தது பகிரங்கமாகச் சொல்லப்பட்டுப் பதிவாகிறது. அந்தப் பெற்றோர் கேட்டதில் பெரும்பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

என் சங்கடம் வேறு. அந்த ஐவரைச் சுட்டது யாரென்று தேட வேண்டியதே இல்லை, போலீஸே அறிவித்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் எந்தச் சபைக்குப் போவது?